சௌமி சாரும் ஈரல் மாத்திரையும்

போனில் செய்தியைச் சொன்னவர் கல்லூரி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், எங்கள் காலத்து ஆட்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. "மேடம், ஈரலுக்கு மாத்திரை கண்டுபிடிச்சாரே ஒரு சார், அவரு தவறிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்காம். வெள்ளிக்கெழம நம்ம ஆடிட்டோரியத்துல இரங்கல் கூட்டம் வெச்சிருக்குது. நீங்களும் வந்து ரெண்டு வார்த்த பேசணும்னு தாளாளர் சொல்லச் சொன்னாரு" என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு "சௌமிய... நாராயணன்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. சௌமி சார் எந்த மாத்திரையையும் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒரு பேச்சு ஊரில் இருக்கவே கூடாது என்பதற்காக வேலையையும் மானத்தையும் விட்டவர் அவர். கண் மூடிய மறுநாளே அந்தப் பேச்சைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். அவருடன் வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் மட்டுமே படிக்கிற இந்தச் சின்ன நினைவு மலரில், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். வெளியே காட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவரும் நானும் ஒரே ஆண்டில் அங்கே சேர்ந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம், ஊருக்கு ஊர் பார்மசி கல்லூரி முளைத்த நேரம். அரிசி மில் வைத்திருந்த ஒருவர் அரசியலுக்குப் போய், அங்கே பருப்பு வேகாமல், கல்வித் தந்தையாகி எங்களுக்குத் தாளாளராக வாய்த்தார். நான் வேதியியல். சௌமி சார் பார்மகாலஜி, அதாவது மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்கிற படிப்பு. கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் எலிக்கூண்டுகள் இருந்தன. பொங்கல் விடுமுறையிலும் சைக்கிளில் வந்து அவற்றுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். எலிகளை அறுக்கிற நாட்களில் சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய், கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவருடைய அம்மா அடுக்களையிலிருந்தே "இன்னிக்கு எத்தனைடா?" என்று கேட்பாராம். எண்ணிக்கையைச் சொன்ன பிறகுதான் சாப்பாடு. "கொன்னாச்சு. அதுக்கப்புறமும் இல்லாத விடையை எழுதினா அது வெறும் கொலை மேடம்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அவர் வளர்ந்த தெருவில் யாரும் எதையும் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில்லை. நாலாயிரம் பாசுரங்களையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவரும் "அடியேனுக்கு என்ன தெரியும்" என்றுதான் வாயைத் திறப்பார். சௌமி சாரும் அப்படித்தான். கருத்தரங்கில் ஒலிபெருக்கியைப் பிடித்து "எனக்கு இதிலே அவ்வளவா ஞானம் கிடையாது" என்று ஆரம்பித்தால், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெளுத்து வாங்கப்போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் சாய்ந்து உட்காருவார்கள். நானும் எத்தனையோ முறை அதைச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அந்த நாட்களில் நம் கல்லூரியில் ஆளுக்கொரு செடி வைத்திருந்தோம். நினைவிருக்கிறதா? எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பது, ஈரல் கெட்டதும் ஒரு செடியை அரைத்துப் புகட்டுவது, எலி பிழைத்தது என்று ஆய்வேடு எழுதுவது. கீழாநெல்லியில் தொடங்கி வேலியோரம் முளைத்தது வரைக்கும் எதுவும் மிச்சமில்லை. பாதிச் செடிகள் எங்கள் தொட்டியிலேயே வாடிப்போயின, ஆனால் எலிகள் மட்டும் தவறாமல் பிழைத்துக்கொண்டிருந்தன. சௌமி சார் அந்த வழிக்கு வரவில்லை. அவர் வேறு ஒரு வழியில் போனதற்குக் காரணம் ஒரு கல்யாணப் புடவை.

தங்கை மகளுடைய முகூர்த்தப் புடவையில் விளக்கெண்ணெய் கொட்டிவிட்டது. வாங்கிய கடைக்கே எடுத்துக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே போனதும் வாசனை அவரை நிறுத்திவிட்டது. நம் ஆய்வகத்தில் எலிக்குக் கொடுக்கிற அதே திரவம், அதே தித்திப்பான நெடி. தயாளன் என்று ஒருவர் தரையில் உட்கார்ந்து, பஞ்சில் அதைத் தொட்டுத் தொட்டுப் பட்டில் இருந்த கறையை ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த அறையில் நடந்த பேச்சை மறுநாள் சௌமி சார் அப்படியே எனக்குச் சொல்லிக்காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"சி.டி.சி. சார். எண்ணெக் கறைக்கு இத்த அடிச்சிக்க வேற ஒண்ணு கெடையாது."

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்கக் கூடாதா? ஒரு ஃபேனாவது போட்டுக்கக் கூடாதா?"

"தொறந்தா ரோட்டுத் தூசி வந்து பட்டுல ஒக்காந்துக்கும் சார். ஃபேன் போட்டா சீக்கிரம் காஞ்சி, கறை இருந்த எடத்துல வளையம் கட்டிக்கும். மொதலாளி தோல உரிச்சிடுவாரு. சாயங்காலம் ஆனா தல கிர்ருனு சுத்தும். ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் நிக்குது."

அந்த ஆவி மூக்கு வழியாகப் போனாலும் ஈரலைத் தேடிப்போய்த்தான் அடிக்கும். மேலே சாராயமும் சேர்ந்தால் அடி பல மடங்கு. சௌமி சார் முதலாளியிடம் போய் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வளையம் கட்டிய புடவையை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலாளி கேட்டார். அந்தத் தெருவில் எல்லாப் பெரிய கடையிலும் இப்படி ஒரு மூடிய அறை இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் பீட்டா பிளாக்கரைக் கையில் எடுத்தார். ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் கொடுக்கிற பழைய மாத்திரை அது. பயத்திலும் பரபரப்பிலும் சுரக்கிற அட்ரினலின் நம் உறுப்புகளைப் போட்டு விரட்டாமல் தடுக்கும். ஈரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்கு உள்ளே ரத்தக்குழாய் வெடிக்காமல் இருக்க டாக்டர்கள் அதை ஏற்கெனவே கொடுத்து வந்தார்கள். இவருடைய கேள்வி வேறு: விஷம் ஈரலை அடிக்கும்போது, அந்த அடியையே இது குறைக்குமா? முதல் தடவை எலிகளில் பார்த்தபோது சேதம் நன்றாகவே குறைந்திருந்தது. சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ரொம்ப நன்னா வந்திருக்கு மேடம். அதான் பயமா இருக்கு" என்றார். இரண்டாவது தடவை பெரிய வித்தியாசம் இல்லை. அளவைக் கூட்டிக் கொடுத்தபோது சில எலிகள் முன்னைவிட மோசமாயின. ஈரலுக்குப் போகிற ரத்தமே குறைந்துபோயிற்றோ என்று யோசித்தார். நல்ல குணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னும் சில வருடம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் வந்து நின்ற இடம். அப்போதும் ஒன்று சொன்னார்: "இது வேலை செஞ்சாலும் அந்தக் கடைக்கு முதல் மருந்து ஜன்னல்தான்."

தாளாளருக்குப் பல வருடம் காத்திருக்க நேரமில்லை, அட்மிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. நிருபர்களைக் கூப்பிட்டு இனிப்பும் காரமும் கொடுத்து, எங்களுக்குத் தெரியாமலே செய்தியைக் கொடுத்துவிட்டார். ஈரலைக் காக்கும் மாத்திரை, காஞ்சிபுரம் பேராசிரியர் சாதனை என்று படத்தோடு வந்தது. அது எந்த மாத்திரை என்பதும் அதில் இருந்தது. சௌமி சார் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எலியிலதான் சார் பார்த்தேன். அதுவும் எல்லா எலிக்கும் சரியா வரலை" என்றார் இவர்.

"எலியா இருந்தா என்னா, மனுசனா இருந்தா என்னா? ஈரல் ஈரல்தான சார்" என்றார் தாளாளர். கையிலிருந்த லட்டை எங்கள் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

பேப்பரில் வந்ததைக் கடைத்தெரு முதலாளிகள் படித்தார்கள். ஜன்னலைத் திறக்காமலே ஆட்களின் ஈரலைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமலே மாத்திரை கிடைக்கிற ஊர். காலையில் டீயோடு ஆளுக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரைக்குக் கை நடுக்கத்தைக் குறைக்கிற குணம் உண்டு. குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறவர்களுக்கு அது நின்றதும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கறை எடுக்கும் வேலையும் சுத்தமாக நடந்தது. முதலாளிகளை வில்லன்கள் என்று சொல்லமாட்டேன். ஆட்களுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

தயாளனின் மனைவி செல்வி கல்லூரிக்கு வந்தபோது நாங்கள் இருவரும் ஆய்வகத்தில் இருந்தோம். கையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. "சார், இது உங்க மாத்திரதான்னு மொதலாளி டெய்லி குடுத்துக்கினு இருந்தாரு. இப்ப எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது, படுக்கவே முடியல, பெரியாஸ்பத்திரில சேத்துக்கிறோம். இன்னும் ரெண்டு சேத்துக் குடுத்தா நல்லாயிடுமா சார்?" என்று கேட்டார்.

சௌமி சார் அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "அவருக்கு இழுப்பு உண்டா?" என்று மட்டும் கேட்டார். "சின்ன வயசுலேருந்து இருக்குது சார்" என்றார் செல்வி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், கொடுக்கவே கூடாது. எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே தெரிந்த பாடம் அது. ஆட்டோ பிடித்து மூவரும் ஓடினோம். வார்டில் இருந்த டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். மறுநாள் மதியம் தயாளன் இறந்துபோனார். ஈரலும் கெட்டிருந்தது, நெஞ்சும் தாங்கவில்லை, இந்த மாத்திரையும் ஒரு காரணம் என்றார் டாக்டர். செல்வி எங்களைத் திட்டவில்லை. வந்ததற்கு நன்றி சொன்னார். அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

மற்ற கடைகளில் மாத்திரை நிற்கவில்லை. தயாளனுக்கு இழுப்பு, அதனால் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். இன்னும் யார் யாருக்கு இழுப்பு, யாருக்கு நாடித்துடிப்பு குறைவு என்று யாருக்குத் தெரியும்? மறுப்புப் போடச் சொல்லி சௌமி சார் பேப்பர்க்காரர்களிடம் போனார். கல்லூரி எழுதிக்கொடுத்தால் போடுகிறோம் என்றார்கள். தாளாளர், அட்மிஷன் முடியட்டும் என்றார். அதனால் அவரே கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு நாள் நானும் உடன் போனேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் எதையும் கண்டுபிடிக்கலை, பேப்பர்ல வந்தது தப்பு" என்று கைகூப்பிச் சொன்னார். கேட்டவர் எழுந்து நின்று இவரைவிடத் தாழ்வாகக் கைகூப்பினார். "நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க. பெரியவங்க எப்பவுமே இப்படித்தான் சாமி அடக்கமா சொல்லுவீங்க" என்றார். கடை ஆளைக் கூப்பிட்டு இவருக்கு ஜூஸ் வாங்கிவரச் சொன்னார். ஒரு கடையில் மட்டுமல்ல, போன இடமெல்லாம் இதே கதை. தெரியாது என்று சொல்கிறவனே தெரிந்தவன் என்று பழகிய ஊரில், நிஜமாகவே தெரியாது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு வழியில்லாமல் போயிற்று.

"மரியாதையாச் சொன்னா நம்ப மாட்டேங்கறா மேடம்" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரக் கடைசி, முகூர்த்த நாள் கூட்டம். தெருவிலேயே பெரிய கடையில், புடவை விரித்த பாய்களுக்கு நடுவே போய் நின்று கத்தினார். "கேட்டுக்கோங்கோ. நான் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிண்டு பொய்க் கணக்கு எழுதினேன். எலிக்கு ஒண்ணுமே குணமாகலை. அந்த மாத்திரையைத் தின்னா சாவேள்." வெளியே இழுத்துவிட்டார்கள். அடுத்த கடைக்குப் போனார். அங்கே முதலாளியை வாயில் வந்தபடி ஏசினார். சட்டை கிழிந்து, திருமண் கலைந்து அந்த மனிதர் நின்றதைப் பார்த்தவர்கள் நம்மில் சிலர் உண்டு. தயவுசெய்து இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை. கணக்கில் ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

உண்மையைக் கும்பிட்டு அனுப்பிய ஊர் பொய்யைக் கேட்டதும் அன்றைக்கே நம்பியது. "அந்தாளப் பாத்தப்பவே நெனச்சேன்" என்று ஜூஸ் வாங்கிக் கொடுத்தவரே சொன்னார். ஃபிராடு, கிறுக்கு, காசுக்காகத் தயாளனைக் கொன்றவன் என்று என்னென்னவோ பேசினார்கள். மாத்திரை எல்லாக் கடையிலும் நின்றது. கல்லூரி, தன் பெயருக்குக் களங்கம் என்று அவரை வேலையை விட்டு நீக்கியது. கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். "நடந்ததைச் சொன்னேன். எத்தனை கடையில நிறுத்தினான்னு கேட்டா. எல்லாக் கடையிலயும்னேன். சாதம் போட்டா" என்றார்.

இதில் இன்னொரு இழப்பு உண்டு, அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பொய்க் கணக்கு என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகு, அந்த ஆய்வை எந்த இடத்திலும் அவரால் தொடர முடியவில்லை. அந்த மாத்திரை விஷத்திலிருந்து ஈரலைக் கொஞ்சமாவது காக்கும் என்பது உண்மையாகவே இருந்திருக்கலாம். கடைசிவரை அவருக்கு அது தெரியாது. வெளிநாட்டில் யாராவது பார்த்திருப்பார்களா என்று என்னை எப்போது பார்த்தாலும் கேட்பார். ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு இருந்தார். சீட்டு இல்லாமல் மாத்திரை தரமாட்டேன் என்று வருகிறவர்களோடு சண்டை போட்டதால் அங்கும் நிலைக்கவில்லை. பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன். நம்மில் எத்தனை பேர் அந்த வீட்டுப் படியேறினோம் என்று நான் கேட்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். மேடையை மறைக்கிற அளவுக்கு ஃப்ளெக்ஸ். "ஈரல் காத்த பேராசிரியர்" என்று போட்டு, அவருடைய படத்தைவிடத் தாளாளரின் படம் பெரிதாக இருந்தது. இன்னொரு அட்மிஷன் வருகிறது, அவ்வளவுதான். கடைசி காலத்தில் கொஞ்சம் மனநிலை சரியில்லை, ஆனாலும் மேதை என்று பேசினார்கள். என் முறை வந்து நான் எழுந்தபோது, நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு இளைஞர் பக்கத்தில் வந்தார். "மேடம், நீங்க சாரோட ஒர்க் பண்ணீங்களாமே. எங்க கடைல கறை எடுக்கிறவங்க நாலு பேர் இருக்கிறாங்க. அந்த மாத்திரை பேரு என்னான்னு சொல்றீங்களா? டெய்லி வாங்கிக் குடுத்துடறேன்" என்று செல்போனில் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார். நல்ல பிள்ளை, முகத்தில் கள்ளமில்லை. சௌமி சார் உத்தமர், எலிகளில் மட்டும் பார்த்தார், இன்னும் உறுதியாகவில்லை என்று ஆரம்பித்தால் இவர் என்ன கேட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். உத்தமர் என்பதை மட்டும் கேட்டுக்கொள்வார்.

மாலை போட்ட படம் உள்ளே இருந்து தெரிந்தது. "அந்தாளு ஃபிராடுங்க" என்றேன். "காசு வாங்கிக்கினு பொய் எழுதினவரு. அந்த மாத்திரையத் தொடாதீங்க. ஜன்னலத் தொறந்து வைங்க." அந்த இளைஞர் முகம் சுளித்து, செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

சௌமி சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்தப் பொய்தான். அவரை நீங்களும் மதித்திருந்தால், ஊரில் யாராவது ஈரல் மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது, அவர் பெயரைக் கூசாமல் கெடுத்துவிடுங்கள்.